எலக்ட்ரான் போன வழி: உலோக ஆக்சைடு வாயு உணரிகளில் நானோத் துகள் வினையூக்கியின் பணி

மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடுப் பொடியின் மேல் அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பொடி அப்படியே கிடக்கும். அலுமினாவில் ஏற்றிய பிளாட்டினத்தைச் சிறிதளவு அதனோடு கலந்துவிட்டுச் செலுத்தினால் மஞ்சள் நீலமாகிறது. 1964இல் கூபியார் வெளியிட்ட சோதனை இது. பிளாட்டினம் டங்ஸ்டன் ஆக்சைடின் மேல் இல்லை. பக்கத்தில் கலந்திருந்த அலுமினாவின் மேல்தான் இருந்தது. அப்படியானால் ஹைட்ரஜன் மூலக்கூறு பிளாட்டினத்தில் இரு அணுக்களாகப் பிளந்து, அவ்வணுக்கள் அலுமினாவைக் கடந்து டங்ஸ்டன் ஆக்சைடுக்குள் நுழைந்திருக்க வேண்டும். வினையூக்கவியலார் இதை ஸ்பில்லோவர் என்பர். இக்கட்டுரையில் வழிந்தோடல் என்கிறேன்.

மூன்றாண்டு கழித்து, 1967இல், பிளாட்டினத்தால் தூண்டப்பட்ட டங்ஸ்டன் ஆக்சைடு மென்படலம் ஹைட்ரஜன் பட்டதும் தன் மின்கடத்துதிறனை மாற்றிக்கொள்வதை ஷேவர் காட்டினார். கூபியாரின் நீல நிறம் இங்கே மின்னோட்டமாக மாறியது. அன்றுமுதல் உலோக ஆக்சைடின் மேல் பிளாட்டினமோ பல்லேடியமோ தங்கமோ நானோத் துகளாகத் தூவி உணர்திறனைக் கூட்டியதாகச் சொல்லும் கட்டுரைகளில் பெரும்பாலானவை விளக்கம் என்ற இடத்துக்கு வந்ததும் ஒரே வாக்கியத்தை எழுதிவிட்டு நகர்கின்றன: வழிந்தோடலால் துலங்கல் கூடியது. வாயு மாறும், ஆக்சைடு மாறும், வெப்பநிலை மாறும். வாக்கியம் மட்டும் மாறாது. ஹைட்ரஜனுக்கும் டங்ஸ்டன் ஆக்சைடுக்கும் இடையே மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றை மீத்தேனுக்கும் வெள்ளீய ஆக்சைடுக்கும் எந்தக் கேள்வியுமின்றிப் பொருத்திவிடுகிறோம். வினையூக்கி வாயுவை எரிக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த எரிப்பில் ஆக்சைடுக்கு எத்தனை எலக்ட்ரான் வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. உணரி படிப்பது இரண்டாவதை மட்டுமே. முதல் கணக்கு பெருகும்போது இரண்டாவது சுருங்கவும் கூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெல்லிஸ்டரை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேனைக் கண்டறிய 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான கருவி அது. நுண்ணிய பிளாட்டினக் கம்பிச் சுருளைச் சுற்றி அலுமினா மணி. மணியின் மேல் வினையூக்கி. மீத்தேன் அங்கே எரியும்போது மணி சூடேறும், கம்பியின் மின்தடை கூடும். எரிந்த மூலக்கூறு ஒவ்வொன்றும், மணியின் எந்த மூலையில் எரிந்தாலும், வெப்பமாகக் கணக்கில் ஏறும். அங்கே நல்ல வினையூக்கி என்றால் நல்ல உணரி. குறைக்கடத்தி உணரியில் அந்தச் சமன்பாடு இல்லை. பல்லேடியத் துகளின் மேல் வந்தமர்ந்த மீத்தேன், அதே துகளில் பிளந்த ஆக்சிஜனோடு அங்கேயே கூடி எரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் பறந்துவிட்டால், அடியில் இருக்கும் ஆக்சைடுக்குச் சேதியே போகாது.

ஆக்சைடு சேதியை எப்படிப் படிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியத்தின் பரப்பு, சூழ்ந்துள்ள வாயுவுக்கேற்பத் தன் மின்பண்பை மாற்றுகிறது என்று பிராட்டைனும் பார்டீனும் 1953இல் எழுதினர். 1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் செய்யாமா குழுவினர் துத்தநாக ஆக்சைடு மென்படலத்தைச் சூடாக்கி வாயுக்களைக் கண்டறிந்தனர். அதே காலத்தில் டகுச்சி வெள்ளீய ஆக்சைடைத் தேர்ந்தார். வீட்டு எரிவாயுக் கசிவை எச்சரிக்கும் கருவியாக அது சந்தைக்கு வந்தது. 1969இல் ஃபிகாரோ நிறுவனம் தோன்றியது. டகுச்சியின் பெயரின் முதலெழுத்தை இன்றும் சுமந்துவரும் டிஜிஎஸ் வரிசை உணரிகள் அங்கிருந்து வருபவை.

வெள்ளீய ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட். தூய்மையாக இருந்தால் மின்காப்பான். ஆனால் படிகத்தில் ஆக்சிஜன் இடம் காலியாக இருப்பதால் கொஞ்சம் எலக்ட்ரான் கையில் இருக்கும். 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் பரப்பில் ஒட்டி, அந்த எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கிறது. குருணைகளின் ஓரத்தில் எலக்ட்ரான் வற்றிய படலம் ஒன்று உருவாகிறது. குருணை குருணையைத் தொடும் இடத்தில் மின்னழுத்த அரண் எழுகிறது. கார்பன் மோனாக்சைடோ எத்தனாலோ வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றால் எலக்ட்ரான் விடுபடும், அரண் தாழும், மின்தடை விழும். 300 பாகையில் வெப்ப ஆற்றல் அளவு ஏறத்தாழ 0.049 எலக்ட்ரான் வோல்ட். அரண் வெறும் 0.1 எலக்ட்ரான் வோல்ட் தாழ்ந்தாலே, அடுக்குக்குறிச் சார்பின் தயவால், மின்னோட்டம் ஏழரை மடங்கு கூடிவிடும். உணரியின் கூர்மை முழுவதும் இந்த அடுக்குக்குறியில்தான் இருக்கிறது.

(பரப்பில் ஒட்டியதாகச் சொல்லப்படும் அந்த ஆக்சிஜன் அயனிகளை வேலை செய்யும் வெப்பநிலையில் நிறமாலையில் யாரும் நேரே பிடித்துக் காட்டவில்லை என்று 2006இல் குர்லோ சுட்டிக்காட்டினார். 2021இல் பிளாக்மன் இன்னொரு படி போய், அவ்வயனிகள் நமக்குத் தேவைதானா, ஆக்சிஜன் இடக் காலிகள் கூடிக் குறைவதே போதாதா என்று கேட்டார். பாடநூலில் ஐயமின்றி வரையப்படும் படத்தின் அடித்தளம் இப்படி அசைந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் எலக்ட்ரான் கணக்கு ஒன்றுதான் என்பதால் நான் பழைய மொழியிலேயே தொடர்கிறேன்.)

கியூஷு பள்ளியின் அடுத்த தலைமுறையில் யமசோயே இத்துறைக்குத் தந்த பெரிய கொடை இரண்டு. ஒன்று குருணை அளவு பற்றியது. 1991இல் அவர் குழுவினர், வெள்ளீய ஆக்சைடுக் குருணையின் விட்டம் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் கீழே போனதும் உணர்திறன் செங்குத்தாக ஏறுவதைக் காட்டினர். எலக்ட்ரான் வற்றிய படலத்தின் ஆழம் ஏறத்தாழ 3 நானோமீட்டர். குருணை அதன் இருமடங்குக்குச் சிறுத்தால் முழுக் குருணையும் வற்றிவிடுகிறது. இரண்டாவது கொடை, உலோகச் சேர்க்கை செய்யும் வேலையை அவர் இரண்டாகப் பிரித்தது. துகள் வாயுவைப் பிளந்து ஆக்சைடின் மேல் வழியவிடுவது வேதியியல் தூண்டல். துகள் தானே ஆக்சைடாக இருந்து, அடியிலிருக்கும் குருணையிலிருந்து எலக்ட்ரானை உறிஞ்சி அதன் ஃபெர்மி மட்டத்தைத் தன் மட்டத்தோடு கட்டிப்போடுவது மின்னணுத் தூண்டல். இரண்டாவது வகையில் வாயு ஆக்சைடுக் குருணையைத் தொடவே வேண்டியதில்லை. துகளை ஒடுக்கினால் போதும்; துகளின் பிடி தளர்ந்து எலக்ட்ரான் குருணைக்குத் திரும்பிவிடும்.

எந்த உலோகம் எந்த வகை என்பதற்கு அவர்கள் ஊகத்தை நம்பவில்லை. எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையில் வெள்ளீயத்தின் பிணைப்பு ஆற்றல் நகர்கிறதா என்று பார்த்தார்கள். வெள்ளியையும் பல்லேடியத்தையும் ஏற்றியபோது நகர்ந்தது. பிளாட்டினத்தை ஏற்றியபோது நகரவில்லை. ஆக வெள்ளியும் பல்லேடியமும் மின்னணு வகை, பிளாட்டினம் வேதியியல் வகை என்று வகுத்தனர். பல்லேடியம் தூவிய வெள்ளீய ஆக்சைடுக்கு வழிந்தோடலைக் காரணம் காட்டும் இன்றைய கட்டுரைகள் பல, சான்றாக இந்த மூலக் கட்டுரைகளையே குறிப்பிடுகின்றன. மூலம் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்ல அதே மூலத்தைத் துணைக்கு அழைப்பது இத்துறையில் வழக்கமாகிவிட்டது.

இனி ஒரு சிறு கணக்கு. தாளும் பென்சிலும் போதும்; ஆனாலும் பெரும்பாலான கட்டுரைகளில் இதைக் காண முடிவதில்லை. 10 நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளீய ஆக்சைடுக் குருணைகளை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.95 கிராம். எடையில் 1 விழுக்காடு பல்லேடியம் சேர்க்கிறோம். அதன் அடர்த்தி 12 கிராம். பல்லேடியம் 5 நானோமீட்டர் துகள்களாக அமர்ந்தால், ஏறத்தாழ 22 குருணைகளுக்கு ஒரு துகள்தான் கிடைக்கும். 2 நானோமீட்டர் துகள்களானால் பத்துக் குருணைக்கு ஏழு துகள். தனித்தனி அணுக்களாகவே பரவினால் ஒரு குருணைக்கு 200 அணுக்களுக்குமேல், அதாவது பரப்பின் ஒவ்வொரு சதுர நானோமீட்டருக்கும் மூன்றில் இரண்டு அணு. மூன்று நிலையிலும் செலவான பல்லேடியம் ஒன்றுதான். கட்டுரையின் தலைப்பில் மூன்றுக்கும் ‘1 விழுக்காடு பல்லேடியம்’ என்றே எழுதுவோம்.

மின்னோட்டம் மின்முனையிலிருந்து மின்முனைக்குப் போகும் வழியில் ஆயிரக்கணக்கான குருணைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. தொடரில் கோத்த தடைகளில் பெரிய தடையே ஆளும். மின்னணுத் தூண்டலுக்குத் துகள் குருணையைத் தொட்டாக வேண்டும். 22இல் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு மற்ற 21ஐ விட்டுவிட்டால் வாசிப்பு அந்த 21இன் கையில்தான். எனவே 5 நானோமீட்டர் துகள்களை வைத்துக்கொண்டு ஃபெர்மி மட்டம் பற்றிப் பேசுவது பொருந்தாது. அந்த அளவில் பயன் தெரிந்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். வழிந்தோடல் ஓர் அடைவுத் தொலைவுக்குள் பக்கத்துக் குருணைகளையும் எட்டக்கூடும் என்பதால் அங்கேதான் அது உண்மையான போட்டியாளர்.

கணக்கின் இன்னொரு முனை எனக்கே வியப்பாக இருந்தது. யமசோயே வழியைப் பின்பற்றிக் குருணையை 6 நானோமீட்டருக்குச் சுருக்குகிறோம் என்று வையுங்கள். குருணையின் கனஅளவு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறையும், எண்ணிக்கை ஐந்து மடங்காகும். அதே 1 விழுக்காட்டில், 2 நானோமீட்டர் துகள் இப்போது ஆறேழு குருணைக்கு ஒன்றுதான். குருணையைச் சிறிதாக்குவது, வினையூக்கி சேர்ப்பது என்று இரண்டு நல்ல உத்திகளை ஒன்றாகச் செய்கிறோம்; துகளையும் கூடவே சிறிதாக்காவிட்டால் அவை ஒன்றையொன்று முறியடிக்கின்றன.

வழிந்தோடலின் அடைவுத் தொலைவு எவ்வளவு என்ற கேள்விக்கு நேரடி விடை 2017இல்தான் வந்தது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், பிளாட்டினத் துகளுக்கும் இரும்பு ஆக்சைடுத் துகளுக்கும் நடுவில் நானோமீட்டர் துல்லியத்தில் இடைவெளி விட்டுப் பல இணைகளை வரிசையாக அடுக்கி, எவ்வளவு தொலைவில் உள்ள இரும்பு ஆக்சைடு ஹைட்ரஜனால் ஒடுக்கமடைகிறது என்று அளந்தனர். அடித்தளம் டைட்டானியம் ஆக்சைடானால் தொலைவு ஒரு பொருட்டாகவே இல்லை. அலுமினாவானால் ஏறத்தாழ 15 நானோமீட்டரோடு நின்றுவிட்டது. ஒடுக்கமடையக்கூடிய ஆக்சைடில் ஹைட்ரஜன் அணு எலக்ட்ரானை ஆக்சைடுக்குக் கொடுத்துவிட்டுப் புரோட்டானாக நடந்துபோகும். அலுமினா எலக்ட்ரானை வாங்காது. வெள்ளீய ஆக்சைடு இந்த வகையில் டைட்டானியம் ஆக்சைடின் கூட்டம் என்பதால், ஹைட்ரஜனைப் பொறுத்தவரை வழிந்தோடலை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தில் பிளந்து இரண்டாக நடந்துபோவதில்லை. அங்கே வழிந்தோட வேண்டியது ஆக்சிஜன். காற்றில் ஐந்தில் ஒரு பங்காக எங்கும் நிறைந்திருக்கும் ஆக்சிஜன். ஹைட்ரஜனுக்கான சான்றை அதற்குக் கடன் கொடுக்க இயலாது.

எது நடக்கிறது என்று தீர்ப்பதற்கு ஒரே வழி, உணரி வேலை செய்துகொண்டிருக்கும்போதே துகளின் நிலையைப் பார்ப்பது. உணரியை ஆறவைத்து வெற்றிடத்தில் நுண்ணோக்கிக்குள் வைத்துப் பார்ப்பது வேறு. 300 பாகையில், காற்றில், வாயு பட்டுக்கொண்டிருக்கும்போது பார்ப்பது வேறு. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பார்சான், வைமார் குழுவினர் இதை எடுத்துச் செய்தனர். சேர்க்கையோ ஒரு விழுக்காட்டின் சிறு பகுதி. எக்ஸ் கதிரை வெள்ளீயமே பெருமளவு விழுங்கிவிடும். இதையும் மீறிச் சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையில் சேர்க்கையின் குரலைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டும். பல்லேடியம் பற்றி 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அது உலோகத் திரளாக இல்லை, ஆக்சிஜனேற்றமடைந்த நிலையில் வெள்ளீய ஆக்சைடின் பரப்பில் நுண்ணிதாகப் பரவியிருக்கிறது. 2011இல் பிளாட்டினம் பற்றிய முடிவு இன்னும் கடுமை. அங்கேயும் உலோகத் திரள் இல்லை. பிளாட்டினம் அணு அணுவாக ஆக்சைடோடு கலந்து கிடந்தது. வழிந்தோடலுக்கு ஹைட்ரஜனைப் பிளக்கும் உலோகப் பரப்பு வேண்டும். அந்த உணரிகளில் அப்படியொரு பரப்பே இருக்கவில்லை.

அதாவது, வேதியியல் தூண்டலுக்குப் பாடநூல் எடுத்துக்காட்டான பிளாட்டினமே, குறைந்தது அந்தத் தயாரிப்பு முறையில், அந்த வகைக்குள் அடங்கவில்லை. 2018இல் ரோடியம் ஆக்சைடுத் திரள்களை வெள்ளீய, டங்ஸ்டன், இண்டியம் ஆக்சைடுகளின் மேல் ஏற்றிப் பார்த்தபோது, அடியிலிருக்கும் ஆக்சைடு எதுவானாலும் மேலேயிருக்கும் திரளே துலங்கலை ஆள்வது தெரிந்தது. இது மின்னணுத் தூண்டலின் தெளிவான முகம். தங்கம் மட்டும் விலகி நிற்கிறது. அது வேலை வெப்பநிலையிலும் உலோகமாகவே இருக்கிறது. கட்டியாக இருக்கும்போது எதிலும் சேராத தங்கம், 5 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்தால் −70 பாகையிலும் கார்பன் மோனாக்சைடை எரிக்கும் என்று ஹருட்டா 1987இல் காட்டியது இத்துறைக்கு வெளியேயும் புகழ்பெற்ற கதை. வழிந்தோடல் என்ற விளக்கத்துக்கு இன்று மிகப் பொருத்தமான வேட்பாளர் தங்கம்தான்; அந்த விளக்கம் பிறந்ததோ பிளாட்டினத்துக்காக.

இதை உலகப் பொது முடிவாக நான் வைக்கவில்லை. ஈரச் சேர்ப்பில் உப்புக்கரைசலை ஊற்றிச் சுட்டால் அணுக்கள் பரவும். முன்கூட்டியே செய்த 5 நானோமீட்டர் கூழ்மத் துகள்களைக் கொண்டுவந்து ஒட்டினால் அவை துகள்களாகவே இருக்கலாம். ஹைட்ரஜன் பட்டதும் பல்லேடியம் ஆக்சைடு உலோகமாக மாறி, காற்றில் மீண்டும் ஆக்சைடாகலாம். அதனால்தான் தயாரிப்பு முறையைச் சொல்லாமல் உலோகத்தின் பெயரை மட்டும் சொல்லி இயங்குமுறையை எழுதுவது பிழை என்கிறேன். இயங்குமுறை உலோகத்தின் சொத்து அல்ல; அந்த உலோகம் அந்தக் குருணையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதன் விளைவு.

வினையூக்கி உணரிக்கு எதிராகத் திரும்பும் இடத்துக்கு இப்போது வரலாம். வாயுவைப் பரப்பு ஏற்கும் பணி, அதைக் குருணைகள் மின்சேதியாகக் கடத்தும் பணி ஆகியவற்றோடு மூன்றாவதாகப் பயன்பாட்டுக் காரணி ஒன்றையும் யமசோயே குழுவினர் கணக்கில் சேர்த்தனர். வாயு மேலிருந்து படலத்துக்குள் விரவிச் செல்ல வேண்டும். செல்லும் வழியெல்லாம் எரிந்துகொண்டே செல்கிறது. முதல்படி வினை என்று கொண்டால், படலத்தின் அடியில் மிஞ்சும் செறிவை ஒரே எண் தீர்மானிக்கும்: படலத்தின் தடிமனை, வினை வேக மாறிலியை விரவல் கெழுவால் வகுத்து வந்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கிடைக்கும் எண். அந்த எண் 1 என்றால் மேலே உள்ள செறிவில் 65 விழுக்காடு அடிவரை வந்து சேர்கிறது. வினையூக்கி சேர்த்து வினை வேகத்தை ஒன்பது மடங்காக்கினால் எண் 3 ஆகும். அடிக்கு வருவது 10 விழுக்காடு. இருபத்தைந்து மடங்காக்கினால் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். திரை அச்சு முறையில் செய்த உணரிகளில் மின்முனைகள் அடித்தளத்தின் மேல், அதாவது படலத்தின் அடியில்தான் இருக்கின்றன. மேல்தளத்தில் கொண்டாட்டமாக எரிகிறது. கணக்குப் பார்க்கும் மின்முனைக்கு ஒன்றும் எட்டவில்லை.

சேர்க்கையின் அளவைக் கூட்டக் கூட்டத் துலங்கல் ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு விழும் வளைவை வாசகர் பலமுறை பார்த்திருப்பார். அந்த வீழ்ச்சிக்குத் ‘துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன’ என்ற ஒற்றை விளக்கமே பெரும்பாலும் தரப்படுகிறது. திரளலாம். ஆனால் திரண்டால் வினையூக்கம் குறைய வேண்டும்; வெளியேறும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். குறையாமல் கூடியிருந்தால் காரணம் திரளல் அல்ல, விரவலில் ஏற்பட்ட பட்டினி. அதே சேர்க்கையோடு படலத்தை மெல்லியதாக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. பட்டினிதான் காரணம் என்றால் துலங்கல் மீள வேண்டும். இரண்டும் எளிய அளவீடுகள். முதல் துலங்கல் எண் கையில் கிடைத்ததுமே கட்டுரை எழுதத் தொடங்கிவிடுவதால் இவை நடப்பதில்லை.

வாயுவை வழியிலேயே எரித்துவிடும் இந்தத் திருட்டையே வேலைக்கு அமர்த்தவும் முடியும். மேல்தளத்தில் மட்டும் வினையூக்கி வைத்த அடுக்கு, எளிதில் எரியும் எத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் வழியிலேயே எரித்துவிட்டு, பிடிவாதக்கார மீத்தேனை மட்டும் அடிக்கு அனுப்பும். தெரிவுத்திறனுக்கு இதைவிட மலிவான வழி குறைவு. இதே வேலையைக் கரி வடிகட்டி வைத்துச் செய்யும் சமையலறை உணரிகளும் உண்டு. வினையூக்கி எங்கே அமர வேண்டும் என்ற கேள்வி, எந்த வினையூக்கி என்ற கேள்விக்கு நிகரானது.

எலக்ட்ரான் கணக்கு ஒளிவுமறைவின்றித் தெரியும் ஓர் எடுத்துக்காட்டும் இத்துறையில் உண்டு. செம்பு ஆக்சைடு சேர்த்த வெள்ளீய ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அசாத்தியமான துலங்கல் தருவதை 1992இல் டமாக்கியும் யமசோயேயும் காட்டினர். மில்லியனில் 50 பங்கு வாயுவுக்கு மின்தடை பல்லாயிரம் மடங்கு விழுந்தது. செம்பு ஆக்சைடு நேர்வகைக் குறைக்கடத்தி, வெள்ளீய ஆக்சைடு எதிர்வகை. சந்திப்பில் உயர்ந்த அரண். ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்ததும் செம்பு ஆக்சைடு செம்பு சல்ஃபைடாகிறது, அது உலோகம்போல் கடத்தும், அரண் சரிகிறது. காற்றில் மீண்டும் ஆக்சைடு. கறாராகப் பேசினால் செம்பு இங்கே வினையூக்கியே அல்ல. அது வினையில் தானே மாறி, பின் மீள்கிறது. இருந்தாலும் நூற்றுக்கணக்கான பல்லேடிய உணரிகளைவிட இது நமக்கு அதிகம் கற்றுத் தருகிறது. வாயுவுக்கும் சேர்க்கைக்கும் இடையே குறிப்பிட்ட ஒரு வேதிவினை, அதன் விளைவாகச் சந்திப்பில் குறிப்பிட்ட ஒரு மின்மாற்றம். இடையில் மர்மம் இல்லை. கனநீர் தயாரிக்க ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பெருமளவில் சுழற்றும் ஆலைகள் இராவத்பாட்டாவிலும் மணுகூருவிலும் உள்ள நாட்டுக்கு இது வெறும் கல்விப் பொருளும் அல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் இதே இணையை மென்படலங்களாகச் செய்து ஆராய்ந்திருக்கின்றனர்.

உணரி நீடித்து உழைப்பது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நானோத் துகள் தன் சிறுமையால் பெறும் ஆற்றலையே சிறுமையால் இழக்கிறது: மாதக்கணக்கில் 300, 400 பாகையில் கிடக்கும்போது சிறியவை கரைந்து பெரியவை வளரும். முதல் வாரத்தில் 2 நானோமீட்டராக இருந்த கணக்கு ஆண்டிறுதியில் 5 நானோமீட்டர் கணக்காகிவிட்டால், மேலே பார்த்த எண்ணிக்கை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சிலிகோன் பசையிலிருந்தும் மெழுகிலிருந்தும் வரும் சிலாக்சேன் ஆவி துகளின் மேல் எரிந்து சிலிகாவாகப் படிந்துவிடும். மீத்தேன் உணரிக்கு அது சாவு. வேடிக்கை என்னவென்றால், அதே சிலிகாத் தோலை வேண்டுமென்றே பூசி, அதன் நுண்துளை வழியே ஹைட்ரஜனை மட்டும் உள்ளே விடும் உணரிகளையும் செய்திருக்கிறார்கள்.

ஈரப்பதத்தைப் பற்றி மட்டும் ஒரு முறையீடு உண்டு. உலர்ந்த காற்றில், ஒரே ஒரு வாயுவை வைத்து, காற்றில் மின்தடையை வாயுவில் மின்தடையால் வகுத்து வரும் எண்ணை முன்னேற்றத்தின் அளவாகக் கொள்வது இத்துறையின் நாணயமாகிவிட்டது. ஆக்சைடின் பரப்பில் நீராவி ஹைட்ராக்சிலாக அமர்ந்து ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரிந்தும், சென்னையின் ஐப்பசி மாதக் காற்றைப் போன்ற ஒன்றில் அளந்து எழுதுவோர் குறைவு. நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆர்டுயினோப் பலகையோடு எம்க்யூ வரிசை உணரியை இணைத்து எரிவாயு எச்சரிக்கைக் கருவி செய்கிறார்கள். 24 மணி நேரத்துக்குமேல் முன்சூடாக்கச் சொல்லும் தயாரிப்புத் தாளைப் படித்தவர் அவர்களில் சிலரே. பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு எடுக்கும் அளவீட்டில் அவர்கள் காண்பது வாயுவை அல்ல. பரப்பிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும் நீரை.

சூழல் மாறினால் கணக்கே மாறும் என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கல்பாக்கம் அருகிலேயே இருக்கிறது. 1985 முதல் இயங்கும் அதிவேக ஈனுலைச் சோதனை உலையில் திரவச் சோடியமும் நீராவியும் ஒரு மெல்லிய உலோகக் குழாய்ச் சுவரின் இருபுறமும் ஓடுகின்றன. சுவரில் நுண்ணிய துளை விழுந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஹைட்ரஜன். உலையைத் தொடங்கும் நேரத்தில், சோடியம் அவ்வளவு சூடாக இல்லாதபோது, ஹைட்ரஜன் அதில் கரையாமல் மேலேயுள்ள ஆர்கான் மூடுவாயுவுக்கு வந்து சேரும். அந்த ஆர்கானில் அதைத் தேட இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வெள்ளீய ஆக்சைடு மென்படல உணரியையும் உருவாக்கினர். சமையலறைக் காற்றில் எடுத்த துலங்கல் எண் அங்கே எதற்கு உதவும்? ஆக்சிஜன் ஐந்தில் ஒன்றாக இருக்கும் காற்றில் எழுதிய இயங்குமுறை வாக்கியத்தை மந்த வாயுவுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

பெரிய சின்க்ரோட்ரான் கைக்கு எட்டாத ஆய்வகங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி நியாயமானது. ஒரு சோதனையை முன்மொழிகிறேன். மூன்று உணரிகள். முதலாவதில், வழக்கம்போல், பல்லேடியத்தை வெள்ளீய ஆக்சைடின் மேலேயே ஏற்றுங்கள். இரண்டாவதில், அதே அளவு பல்லேடியத்தை நுண்ணிய அலுமினாப் பொடியின் மேல் ஏற்றிச் சுட்டுவிட்டு, பிறகு வெறும் வெள்ளீய ஆக்சைடோடு கலந்து படலமாக்குங்கள். மூன்றாவதில் பல்லேடியமற்ற அலுமினாவை அதே விகிதத்தில் கலக்க வேண்டும். மின்காப்பானான அலுமினா மின்பாதையை எவ்வளவு மறிக்கிறது என்பதைக் கழித்துப் பார்க்க அது தேவை. மூன்றிலும் மின்தடையோடு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் அளவிட வேண்டும். முதல் இரண்டும் ஒரே அளவு எரித்து, துலங்கல் முதலாவதில் மட்டும் கூடினால், அது தொடுகையின் வேலை, மின்னணுத் தூண்டல். இரண்டாவதிலும் கூடினால் ஏதோ ஒன்று அலுமினாவைக் கடந்து நடந்து வந்திருக்கிறது. இரண்டாவதில் எரிப்பு கூடித் துலங்கல் மூன்றாவதைவிடக் குறைந்தால், வினையூக்கி திருடிக்கொண்டிருக்கிறது. 1964இல் கூபியாரின் குழாயில் இருந்தது இந்த இரண்டாவது கலவைதான்: பிளாட்டினம் அலுமினாவின் மேல், மஞ்சள் பொடி பக்கத்தில்.